எம்.எல்.ஏ. யார், அவர் வேலை என்ன? செட்டிநாட்டு வாக்காளருக்கு ஓர் எளிய விளக்கம்

காரைக்குடியில் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் "எம்.எல்.ஏ. என்னதான் பண்றாரு?" என்பார்கள். ரயில் நம்ம ஊரில் நிற்காமல் போனாலும் அதே கேள்வி. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும் அதே கேள்விதான். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் முதலாவது மாநகராட்சி பார்க்க வேண்டியது, இரண்டாவது மத்திய அரசின் ரயில்வே, மூன்றாவது மட்டும்தான் மாநில அரசின் வருவாய்த்துறை வழியாக வருவது. ஆளை மாற்றிக் கேட்டால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியவரைக் கேட்காமல் விட்டால் அவரும் நிம்மதியாக இருந்துவிடுவார். முதல்முறை ஓட்டுப் போடப் போகிற பிள்ளைகளுக்கு இது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமக்கு மூன்று மட்டத்தில் பிரதிநிதிகள் உண்டு. குப்பை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை இவற்றுக்கு ஊராட்சித் தலைவர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர்கள். ரயில், தபால், பாஸ்போர்ட், வருமான வரி, வங்கி இவை டெல்லி விவகாரம், அதற்கு எம்.பி. இவற்றுக்கு நடுவில் இருப்பது ரொம்பப் பெரிய பரப்பு: போலீஸ், அரசுப் பள்ளி, கலைக்கல்லூரி, அரசு மருத்துவமனை, பட்டா, ரேஷன், மின்சாரம், மாநில நெடுஞ்சாலை, பேருந்து, கண்மாய், அறநிலையத்துறைக் கோயில்கள். நம் அன்றாட வாழ்க்கையில் பெரும்பகுதி மாநில அரசின் கையில்தான் இருக்கிறது. அந்த அரசைக் கேள்வி கேட்கவும், அதற்குச் சட்டம் செய்து கொடுக்கவும், அது செலவழிக்கும் பணத்துக்கு அனுமதி தரவும் நாம் அனுப்புகிற ஆள்தான் சட்டமன்ற உறுப்பினர். தமிழ்நாடு முழுக்க இப்படி 234 பேர். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்.

செட்டிநாடு முழுவதற்கும் ஒரே எம்.எல்.ஏ. என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில், முக்கியமாகக் காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்ற மூன்று தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. ராயவரமும் கோனாபட்டும் திருமயம் பக்கம். தேவகோட்டை இப்போது காரைக்குடித் தொகுதி. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னால் அது திருவாடானையோடு இருந்தது. இந்த மூன்று தொகுதிகளும் சேர்ந்து வருவது சிவகங்கை மக்களவைத் தொகுதியில். ஆக, செட்டிநாட்டுக்கு எம்.பி. ஒருவர், எம்.எல்.ஏ.க்கள் மூவர். ஒரே ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் இரண்டு தொகுதிகளைக் கடந்து வந்தால், இரண்டு எம்.எல்.ஏ.க்களிடமும் பேச வேண்டியிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் இதை மறந்துவிட்டு ஒருவர் வீட்டு வாசலிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எம்.எல்.ஏ. ஆக என்ன தகுதி வேண்டும்? இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். சொந்தத் தொகுதியில்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சையாக நிற்பவருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். வேட்புமனுவோடு சொத்து, கடன், படிப்பு, நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓட்டுப் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைத் திறந்து ஒரு முறையாவது படியுங்கள். மேடைப்பேச்சில் வராத செய்திகள் அதில் இருக்கும்.

ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று 2022-இல் மாற்றியமைத்த உச்சவரம்பு தமிழ்நாட்டில் 40 லட்ச ரூபாய். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வேதனையை இங்கே விரிக்கவில்லை.

பேரும் புகழும் இருந்தால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1957-இல் திருக்கோஷ்டியூர்த் தொகுதியில் நின்று தோற்றார். சொந்த மண், பக்கத்து ஊர், அவ்வளவு பெரிய கவிஞர், இருந்தும் தோல்வி. காரைக்குடி இன்னும் விசித்திரமான தொகுதி. 1962-இல் சுதந்திராக் கட்சியின் சா. கணேசனை அனுப்பியது. 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001-இல் பாரதிய ஜனதா, 2011-இல் அண்ணா தி.மு.க., 2016-இலும் 2021-இலும் காங்கிரஸ். "எங்க ஊரு எந்தக் கட்சிக்கும் எழுதி வைக்கலை" என்று காரைக்குடிக்காரர் சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

சா. கணேசனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. விடுதலைப் போராட்ட வீரர், 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியவர். சட்டப்பேரவையில் இருந்துவிட்டு அப்புறம் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். மேலவை என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் சென்னையில் இரண்டு அவைகள் இருந்தன. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பேரவை. பட்டதாரிகள், ஆசிரியர்கள், உள்ளாட்சி அமைப்புகள், எம்.எல்.ஏ.க்கள் எனப் பலர் தேர்ந்தெடுத்தும் ஆளுநர் நியமித்தும் உருவாவது மேலவை. 1986-இல் மேலவை கலைக்கப்பட்டது. அதனால் இப்போது எம்.எல்.ஏ. மட்டும்தான், எம்.எல்.சி. கிடையாது.

சரி, ஜெயித்துப் போனவர் புனித ஜார்ஜ் கோட்டையில் என்ன செய்கிறார்?

காலையில் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைச் சொல்லி அவையைத் தொடங்கி வைப்பார். அதன் பிறகு கேள்வி நேரம். என்னைக் கேட்டால் ஒரு எம்.எல்.ஏ.வின் மொத்த வேலையிலும் இதற்கு நிகரான ஆயுதம் வேறில்லை. உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கேள்வி கொடுப்பார். அதன் வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: "காரைக்குடித் தொகுதி, இன்ன ஊராட்சியில் கால்நடை மருந்தகம் அமைக்க அரசு முன்வருமா?" துறை அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதிலுக்கு மேல் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சர் "கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால், கீழே இருந்து ஒரு காகிதம்கூட மேலே போகவில்லை என்று பொருள். அதாவது ஊர்க்காரர்கள் திரும்பவும் முதல் படியிலிருந்து, உள்ளூர் அலுவலகத்திலிருந்து தொடங்க வேண்டும். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் காகிதம் போயிருக்கிறது, பணம் ஒதுக்கவில்லை. "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் அது அவையில் கொடுத்த வாக்குறுதி.

அப்படிக் கொடுத்த வாக்குறுதி காற்றில் போய்விடாது. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் உறுதிமொழிகளைத் தொகுத்து, நிறைவேறியதா இல்லையா என்று துறைகளைக் கேட்டுத் துரத்துவதுதான் அதன் வேலை. பல எம்.எல்.ஏ.க்களே இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். கேள்வி கேட்டாயிற்று, பத்திரிகையில் பேர் வந்தாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி கேட்கும் கலையில் நம் மண்ணுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. திருமயத்தில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி 1923-இல் சென்னை சட்டசபைக்குப் போனவர், பின்னாளில் டெல்லி மத்திய சட்டசபையிலும் இருந்தவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், அரசைக் கவிழ்க்க வழியில்லை. கையில் இருந்தது கேள்வி ஒன்றுதான். அதை வைத்தே ஆட்சியாளர்களைத் திணற வைத்தார். காமராசருக்கு அரசியல் குரு அவர் என்பதைப் பலரும் சொல்வார்கள். சட்டமன்றத்தில் எப்படி உழைக்க வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு பாடம்.

கேள்வி நேரம் முடிந்தால் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம். நேற்று நடந்த அவசரப் பிரச்சினையை இன்று எழுப்ப இவை உதவும். பட்ஜெட் காலத்தில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் விவாதத்துக்கு வரும். அந்தத் துறைக்கு இவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று அவை ஓட்டுப் போட்டு அனுமதித்தால்தான் அரசு ஒரு ரூபாய் எடுக்க முடியும். "அதைக் குறை" என்று உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அது பெரும்பாலும் நிறைவேறாது. ஆனாலும் துறையின் தவறைப் பதிவு செய்ய அது ஒரு வழி.

அடுத்தது சட்டம். சட்டமன்றம் என்று பெயர் வைத்ததே இதற்குத்தான், ஆனால் ஊரில் யாரும் எம்.எல்.ஏ.வைப் பார்த்து "நீங்க என்ன சட்டம் கொண்டு வந்தீங்க?" என்று கேட்பதில்லை. சட்டம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்குச் சிராவயலைப் பாருங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு ஆண்டுதோறும் தை 3-ஆம் நாள் கூட்டம் எப்படித் திரளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் காளை விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. மத்திய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. மிருகவதைத் தடுப்பு என்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் வருகிற விஷயம். மத்திய அரசும் சட்டம் செய்யலாம், மாநிலமும் செய்யலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பிறகு, முதலில் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் சனவரி 23 அன்று பேரவை கூடி, அந்த மத்தியச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது.

அந்தத் திருத்தத்தின் வரையறைப் பகுதியை எடுத்துப் படித்தால், ஜல்லிக்கட்டு என்பது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று இருக்கும். அலங்காநல்லூரில் வாடிவாசல் வைத்து நடத்துவதும், சிராவயல் பொட்டலில் நடப்பதும் ஒன்றில்லை. மஞ்சுவிரட்டு என்று தனியே எழுதாமல் விட்டிருந்தால், எங்கள் ஊர் விழா இந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று அடுத்த வழக்கு கிளம்பியிருக்கும். சட்டமுன்வடிவு மேசைக்கு வரும்போது அதை வரிவரியாகப் படித்து, தன் ஊருக்கு எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிற எம்.எல்.ஏ. நமக்கு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னும் பார்த்தால், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் நிற்பது 1985-இல் சட்டமன்றம் செய்த ஒரு சட்டத்தின் மேல்தான். வள்ளல் அழகப்பர் கட்டி எழுப்பிய கல்லூரிகள் ஏற்கெனவே இருந்தன, பல்கலைக்கழகம் என்ற அந்தஸ்தைக் கொடுத்தது சட்டம். சீர்திருத்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967 திருத்தம் வந்தபோது, அண்ணாவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் நம் திருப்பத்தூர்ப் பக்கத்து செ. மாதவன்.

சட்டம் சில சமயம் உடனே பலிக்காது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி எவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்தது என்பது ஊரறிந்த வரலாறு. 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு வந்துவிட்டார். முழுமையான ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-இல். அவையை விட்டு வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து அவர் போட்ட விதை முளைத்தது.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எம்.எல்.ஏ. தன் மனசாட்சிப்படி மட்டும் ஓட்டுப் போட முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். காசுக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த நல்ல சட்டம்தான். ஆனால் அதனால் பேரவை விவாதங்களின் உயிர் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. முடிவு முன்பே தெரிந்துவிடுவதால் படித்துவிட்டு வருபவர்கள் குறைகிறார்கள்.

அமைச்சராக ஆகிறவர்கள் சிலரே. மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் முதல்வரையும் சேர்த்து அதிகபட்சம் 35. மற்ற எல்லோரும், ஆளுங்கட்சிக்காரர்களாகவே இருந்தாலும், அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள்தான். ஒருவரின் அரசியல் வாழ்க்கை எப்படியெல்லாம் திரும்பும் என்பதற்குத் திருமயத்தின் எஸ். ரகுபதி ஓர் உதாரணம்: 1991-இல் அண்ணா தி.மு.க. எம்.எல்.ஏ., மாநில அமைச்சர், 2004-இல் தி.மு.க.வின் புதுக்கோட்டை எம்.பி., மத்திய இணை அமைச்சர். 2016-இல் மறுபடி திருமயம் எம்.எல்.ஏ., 2021-இல் மாநிலச் சட்ட அமைச்சர்.

இனி ஊருக்கு வருவோம். பேரவை ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பதுதான் அரசியலமைப்பின் விதி. மிச்ச நாளெல்லாம் எம்.எல்.ஏ. தொகுதியில். கூட்டம் நடக்கும்போது சென்னை அரசினர் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதி, முடிந்ததும் ரயிலேறி ஊர். காலையில் வாசலைத் திறந்தால் மனுவோடு ஆட்கள். பட்டா மாறுதல், பையனுக்குக் கல்லூரியில் இடம், விபத்தில் அடிபட்டவருக்கு மதுரையில் படுக்கை, கண்மாயில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். பத்து மணிக்கு மேல் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. மத்தியானம் ஒரு துக்க வீடு. சாயங்காலம் கோயில் திருவிழா. துக்க வீட்டுக்கு வராத எம்.எல்.ஏ.வை ஊர் மன்னிக்காது. அந்த அன்புக்கு ஒரு விலை இருக்கிறது. முகூர்த்த நாளில் வாசலுக்கு வாசல் போய்க்கொண்டிருப்பவர் இரவு எத்தனை மணிக்கு உட்கார்ந்து மானியக் கோரிக்கைப் புத்தகத்தைப் படிப்பார்? கல்யாணத்துக்கு வரவில்லை என்று கோபிப்பதை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

சம்பளமும் படிகளும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் என்று 2017-இல் உயர்த்தினார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி வேறு, அது அவர் சட்டைப்பைக்குப் போகிற பணம் இல்லை. 2019-இல் அதை ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தியதாக அறிவித்தார்கள். அதிலிருந்து எந்த வேலையைச் செய்யலாம் என்று எம்.எல்.ஏ. பரிந்துரைப்பார், அனுமதி ஆணை போடுவது மாவட்ட ஆட்சியர், வேலையை முடிப்பது அரசுத் துறை. பள்ளி வகுப்பறை, ரேஷன் கடைக் கட்டடம், பேருந்து நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, சிமென்ட் ரோடு இவை இந்த நிதியில் நடக்கும். கோயில் திருப்பணிக்கு இதிலிருந்து கொடுக்க முடியாது. நம் பகுதியில் கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அவர் மறுத்தால் அது கஞ்சத்தனம் இல்லை, விதி. இந்த நிதியில் நடந்த வேலைகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

எம்.எல்.ஏ.விடம் மனுக் கொடுத்தும் அசையாத பொதுப் பிரச்சினை என்றால், பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. அது மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும். வருவதற்கு முன்னால் ஆட்சியர் அலுவலகம் அறிவிப்புக் கொடுத்து மனு வாங்கும். நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சின்னதாக வரும், கவனித்துப் பார்க்க வேண்டும். மனுவை ஐந்து பிரதிகள் எடுத்து, தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறை சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையை எழுதலாம். தனிப்பட்ட குறை, கோர்ட்டில் நிலுவையில் உள்ள விவகாரம், வேலை வேண்டும், கடன் வேண்டும், இலவசப் பட்டா வேண்டும் போன்றவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வரத்துக்கால் அடைபட்டு ஊருணி காய்ந்து கிடக்கிறது என்றால், எந்தக் கண்மாயிலிருந்து வருகிற கால், எந்த இடத்தில் அடைப்பு, எந்த ஆண்டிலிருந்து, இதற்கு முன் யார் யாருக்கு மனுக் கொடுத்தீர்கள் என்று சுருக்கமாக எழுதி, பழைய மனுக்களின் ரசீது நகல்களை இணைத்துக் கொடுங்கள்.